கேள்வி–பதில்: வரைபடத்தில் ஒரு டிகிரி எத்தனை கிலோமீட்டர்?

நில அளவைத் துறையில் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்த இதழில் வாசகர்களின் வரைபடக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் தியாகராஜர் கோயிலை மையமாக வைத்து, 5 கி.மீ. தூரத்துக்குள் இருக்கும் குளங்களை எல்லாம் இணைய வரைபடத்தில் குறிக்கிறார்கள். எல்லையை ஒரு வட்டமாக வரைய வேண்டும். வரைபடமோ அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத்தான் கேட்கிறது. 5 கி.மீ. என்பதை அந்த எண்களாக மாற்றுவது எப்படி?
— ஓர் ஆசிரியை, திருவாரூர்

பதில்: டீச்சர், முதலில் உங்கள் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. குளங்களைக் கணக்கெடுக்கிற வேலை எந்த ஊரில் நடந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

இதற்குத் தேவையான கணக்கு அவர்களுடைய பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சைன், கொசைன் இரண்டும் தெரிந்தால் போதும். அதற்கு முன்னால் இரண்டு அளவுகளை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வடக்கு தெற்காக ஒரு டிகிரி நகர்ந்தால் நம் பக்கத்தில் 110.6 கி.மீ. இது ஊருக்கு ஊர் பெரிதாக மாறாது. கிழக்கு மேற்காக ஒரு டிகிரி என்பது அப்படி இல்லை. உரித்த ஆரஞ்சின் சுளை நடுவில் அகன்று இரண்டு முனையிலும் கூடுவது மாதிரி, தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் விலகி நின்று துருவத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி 111.3 கி.மீ. வேறு ஊருக்கு வேண்டுமென்றால் அதை அந்த ஊர் அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். திருவாரூரின் அட்சரேகை ஏறக்குறைய 10.77. அதன் கொசைன் 0.9824. பெருக்கினால் 109.4 கி.மீ.

இப்போது ஒரு புள்ளியைப் போட்டுப் பார்ப்போம். மையம் 10.7700, 79.6400 என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து கிழக்காக 60 டிகிரி திரும்பிய திசையில் 5 கி.மீ. போக வேண்டும். வடக்கே போன தூரம் 5 × கொசைன் 60, அதாவது 2.5 கி.மீ. கிழக்கே போன தூரம் 5 × சைன் 60, அதாவது 4.33 கி.மீ. 2.5-ஐ 110.6-ஆல் வகுத்தால் 0.0226 டிகிரி. 4.33-ஐ 109.4-ஆல் வகுத்தால் 0.0396 டிகிரி. மையத்தோடு கூட்டினால் 10.7926, 79.6796. வட்டத்தில் ஒரு புள்ளி கிடைத்துவிட்டது. திசையை மாற்றி மாற்றி இதையே திரும்பப் போட்டால் முழு வட்டம்.

இங்கே பிள்ளைகள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. கணக்கு வகுப்பில் கோணத்தைக் கிழக்கிலிருந்து இடப்பக்கமாக அளக்கச் சொல்லிக் கொடுக்கிறோம். திசைகாட்டியில் வடக்கிலிருந்து வலப்பக்கமாக அளக்கிறோம். அதனால் சைனும் கொசைனும் இடம் மாறி நிற்கும். முழு வட்டம் போடும்போது இது வெளியே தெரியாது, எப்படிப் போட்டாலும் வட்டம்தான் வரும். ஆனால் ‘வடமேற்கே அந்தக் குளம்’ என்று ஒற்றைப் புள்ளியைத் தேடும்போது ஆளை வேறு பக்கம் அனுப்பிவிடும்.

எக்செல்லில் போடுவதானால் இன்னொன்று. கம்ப்யூட்டர் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கும். டிகிரியை ரேடியனாக மாற்றாமல் 10.77-க்குக் கொசைன் கேட்டால் மைனஸ் 0.22 என்று வரும். வட்டம் கிழக்கு மேற்காக நாலு மடங்குக்கு மேல் இழுபட்டு, வலம் இடமாகத் திரும்பியும் நிற்கும். அப்படி ஒரு உருவம் திரையில் வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், தவறு இங்கேதான் இருக்கும்.

எத்தனை புள்ளி வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் குளம் எண்ணுகிற வேலைக்கு அதுதான் முக்கியம். 30 டிகிரிக்கு ஒன்றாக 12 புள்ளி வைத்து நேர்க்கோட்டால் இணைத்தால் வருவது 12 பக்கம் உள்ள பலகோணம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கோடு உண்மையான வட்டத்துக்கு 170 மீட்டர் உள்ளே போய்விடும். அந்த இடைவெளியில் ஒரு குளம் முழுசாக விடுபட்டுப் போகலாம். 5 டிகிரிக்கு ஒன்றாக 72 புள்ளி வைத்தால் அதே இடைவெளி 5 மீட்டராகக் குறைகிறது. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே வேலைதான், 72 வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்குப் பக்கத்தில் சந்தேகமாக இருக்கிற குளத்துக்கு மட்டும் வட்டத்தை நம்பாமல் தூரத்தையே நேரடியாகப் போட்டுவிடலாம். வடக்கு தெற்கு வித்தியாசத்தை 110.6-ஆலும் கிழக்கு மேற்கு வித்தியாசத்தை 109.4-ஆலும் பெருக்கி, பிதாகரஸ் தேற்றத்தில் வைத்தால் முடிந்தது.

மையம் எது என்பதையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி’ என்று சொல்லப்படுகிற ஊர் உங்களுடையது (வேலி என்பது பழைய நில அளவு). ஒரு பிள்ளை கருவறையையும் இன்னொரு பிள்ளை கீழைக் கோபுரத்தையும் மையமாக எடுத்தால் வட்டமும் கூடவே நகர்ந்துவிடும். கொசைனையே விட்டுவிட்டால் 5 கி.மீ.க்கு உங்கள் ஊரில் 90 மீட்டர்தான் குறையும். மையம் மாறுவதால் அதைவிடக் கூடுதலாக நகர்ந்துவிடக்கூடும். ஒரு புள்ளியைத் தீர்மானித்து, அதன் எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வட்டத்தை வரைந்து தருகிற ஆப்கள் இருக்கின்றன, தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புள்ளியையாவது கையால் போடட்டும். அப்புறம் வரைபடத்திலேயே இருக்கும் தூரம் அளக்கும் வசதியால் கோயிலிலிருந்து அந்தப் புள்ளி வரை அளந்து பார்க்கட்டும். 5.00 என்று வரும்போது அந்த முகங்களைப் பாருங்கள், டீச்சர்.

கேள்வி: கொசைன் எல்லாம் பார்க்காமல், எல்லாத் திசைக்கும் ஒரு டிகிரி 111 கி.மீ. என்று வைத்து ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். மன்னார்குடியில் என் வீட்டைச் சுற்றிப் போட்டால் அழகான வட்டம். இங்கே ஆஸ்லோவில் போட்டால் நட்டுவைத்த முட்டை மாதிரி வருகிறது. வரைபடத்தின் கோளாறா?
— ஒரு வாசகர், ஆஸ்லோ, நார்வே

பதில்: வரைபடத்தில் கோளாறு இல்லை. மேலே டீச்சருக்குச் சொன்ன கொசைன்தான் உங்கள் நிரலில் இல்லை. ஆஸ்லோவின் அட்சரேகை 59.9. 60 டிகிரியின் கொசைன் சரிபாதி. உங்கள் ஊரில் கிழக்கு மேற்காக ஒரு டிகிரிக்கு 56 கி.மீ.தான். நீங்கள் 5 கி.மீ. என்று நினைத்துக் கூட்டிய டிகிரி, நிலத்தில் இரண்டரை கி.மீ.தான் போயிருக்கிறது. மன்னார்குடியில் இதே பிசகு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை. நம் ஊரில் எழுதிப் பார்த்துச் சரியாக வந்த நிரலை வடக்கே கொண்டுபோகும்போது பலருக்கும் இதுதான் நடக்கிறது.

கொசைனைச் சேர்த்த பிறகு முட்டை வட்டமாகிவிடும். ஆனால் அதே 5 கி.மீ. வட்டம், அதே ஜூமில், மன்னார்குடியில் தெரிவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்து மறுபடி நிரலைத் திருத்தப் போகாதீர்கள்.

காரணம் மெர்கேட்டர் முறை. 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபடக் கலைஞர் கப்பல்காரர்களுக்காக ஒரு உலகப் படம் வெளியிட்டார். துருவத்தில் சேர வேண்டிய தீர்க்கரேகைகளைச் சேரவிடாமல் நிமிர்த்தி இணைகோடுகளாக்கினார். அப்படிச் செய்தால் வடக்கே போகப் போக நிலம் பக்கவாட்டில் இழுபடும். எவ்வளவு இழுபடுகிறதோ அதே அளவு மேல் கீழாகவும் இழுத்துவிட்டார். அதனால் சின்ன வட்டம் எங்கே வரைந்தாலும் வட்டமாகவே தெரியும், அளவு மட்டும் பெருத்துவிடும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குப் போட்டியாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல 14 மடங்கு.

இன்றைய இணைய வரைபடங்கள் பெரும்பாலும் இதே முறையில்தான் ஓடுகின்றன. முழு உலகம் 256-க்கு 256 புள்ளி கொண்ட ஒரு சதுரம். ஒரு ஜூம் கூட்டினால் ஒவ்வொரு சதுரமும் நாலாகப் பிரியும். துருவம் வரை இழுத்துக்கொண்டே போனால் படத்துக்கு முடிவே இருக்காது என்பதால் 85.05 டிகிரியில் வெட்டிவிடுகிறார்கள். அங்கே வெட்டினால்தான் உலகம் சரியான சதுரமாக அமையும். 15-ஆம் ஜூமில் திரையின் ஒரு புள்ளி மன்னார்குடியில் 4.7 மீட்டர் நிலம், ஆஸ்லோவில் 2.4 மீட்டர் நிலம். இதுவும் அதே கொசைன்தான்.

கேள்வி: கோயில் தலவரலாற்றுப் பலகையில் 10°46′12″ என்று அட்சரேகை போட்டிருக்கிறது. மேப்பில் 10.4612 என்று அடித்தால் எங்கோ வயலில் கொண்டுபோய் விடுகிறதே?
— ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: பலகையில் இருப்பது டிகிரி, நிமிடம், விநாடி. நீங்கள் அடித்தது தசமம். 46-ஐ 60-ஆலும் 12-ஐ 3600-ஆலும் வகுத்துக் கூட்டினால் 0.77, ஆக 10.77 என்று அடிக்க வேண்டும். நீங்கள் அடித்த எண் 34 கி.மீ. தெற்கே, திருத்துறைப்பூண்டியையும் தாண்டிப் போய் நிற்கும். இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தசமத்தில் நாலு இலக்கம் எழுதினால் 11 மீட்டர் நுட்பம், ஐந்து எழுதினால் ஒரு மீட்டர் சொச்சம். கோயிலுக்கு நாலு இலக்கம் தாராளம்.

கேள்வி: ஐயா, நான் பதினோராம் வகுப்பு. அப்பா மீன்பிடிக்கப் போகிறவர். கரையிலிருந்து பார்த்தால் கடலில் ஒரு பாறை தெரியும். மேப்பில் அது இல்லை. படகில் போகாமல் அதை மேப்பில் சரியான இடத்தில் வைக்க முடியுமா?
— ஒரு மாணவர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: முடியும், தம்பி. வந்த கேள்விகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

கரையில் 400 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடம் பார்த்துக்கொள். மேற்கே இருப்பது அ, கிழக்கே இருப்பது ஆ. இரண்டுமே மேப்பில் அடையாளம் தெரிகிற இடமாக இருக்கட்டும், ஒரு கொடிமரம், ஒரு கட்டட முனை மாதிரி. அ-வில் நின்று ஆ-வுக்கும் பாறைக்கும் நடுவே உள்ள கோணத்தை அள. 65 டிகிரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆ-வில் நின்று அ-வுக்கும் பாறைக்கும் நடுவே அள. அது 70 டிகிரி. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து 180 என்பதால் பாறையில் உள்ள கோணம் 45. அங்கே போகாமலே அதை அளந்துவிட்டாய்.

இப்போது சைன் விதி. அ-விலிருந்து பாறைக்குத் தூரம் = 400 × சைன் 70 ÷ சைன் 45. அது 532 மீட்டர். திசை வேண்டுமல்லவா? அ, ஆ இரண்டின் எண்களும் உன் கையில் இருப்பதால் அ-விலிருந்து ஆ எந்தத் திசை என்று கணக்கில் எடுக்கலாம். அது வடக்கிலிருந்து 110 டிகிரி என்றால், பாறை அதற்கு வலப்பக்கம், 110 + 65 = 175 டிகிரி. கிட்டத்தட்ட நேர் தெற்கு. 532 மீட்டரை அந்தத் திசையில் பிரித்தால் தெற்கே 530 மீட்டர், கிழக்கே 46 மீட்டர். மேலே டீச்சருக்குச் சொன்ன மாதிரி டிகிரியாக்கினால் அட்சரேகையில் 0.0048 கழி, தீர்க்கரேகையில் 0.0004 கூட்டு. உன் பாறை மேப்பில் வந்துவிட்டது. ஆ-விலிருந்தும் ஒரு தடவை போட்டு அதே இடம் வருகிறதா என்று பார். அப்படிப் பார்க்காமல் எந்த அளவையும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோணத்தைப் போனில் உள்ள திசைகாட்டியால் அளக்காதே. பக்கத்தில் ஒரு பைக் நின்றாலே முள் பிசகும். அந்தத் தூரத்துக்கு ஒரு டிகிரி பிசகினால் 9 மீட்டர் போச்சு. ஒரு பலகையில் வெள்ளைத்தாள் ஒட்டு, நடுவில் ஒரு குண்டூசி குத்து. அந்த ஊசியும் ஆ-வும் நேராகத் தெரிகிற இடத்தில் இரண்டாவது ஊசி. பலகையை அசைக்காமல், ஊசியும் பாறையும் நேராகத் தெரிகிற இடத்தில் மூன்றாவது. கோடு போட்டுப் பாகைமானியால் அளந்துகொள். நாங்கள் பிளேன் டேபிள் வைத்துச் செய்தது இதே வேலைதான், காந்தமே தேவையில்லை.

சோம்பல்பட்டு 40 மீட்டர் இடைவெளியில் நின்று அளந்துவிடாதே. அப்போது பாறையில் உள்ள கோணம் நாலு டிகிரி சொச்சமாகச் சுருங்கிவிடும், கரையில் ஒரு டிகிரி தவறினால் பாறை நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். மூன்றாவது கோணம் 30-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்.

நீ செய்யப்போகிற இதே வேலையை இந்தியா முழுக்கச் செய்திருக்கிறார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியை வைத்து ஏறக்குறைய 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளந்தார். அதன் பிறகு பெரும்பாலும் கோணம்தான். ஒரு முக்கோணத்தில் கணக்கால் கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இடையிடையே சங்கிலி போட்டுச் சரிபார்த்தார்கள், பெங்களூரில் 1804-இல் அப்படி ஒன்று. கோணம் அளந்த தியோடலைட் அரை டன் எடை. மலை இல்லாத காவிரிப் படுகையில் அவர் கோயில் கோபுரங்களின் மேல் ஏறி அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதை மேலே தூக்கும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துபோனது. லாம்ப்டன் ஒதுங்கி உட்கார்ந்து வாரக்கணக்கில் அதை நிமிர்த்தி, அதே கருவியோடு வேலையைத் தொடர்ந்தார்.

உன் அப்பாவிடமும் இதைக் காட்டு. கரையில் ஒரு மலையும் ஒரு கோபுரமும் நேராக வரும் கோடு ஒன்று, வேறு இரண்டு அடையாளம் நேராக வரும் கோடு இன்னொன்று, இரண்டும் வெட்டுகிற இடத்தில் பார் (கடலடிப் பாறை) இருக்கிறது என்று கடலில் இடம் பிடிப்பவர்கள் அவர்கள். நீ கரையிலிருந்து செய்வதை அவர் கடலிலிருந்து செய்கிறார். அவர் சொல்லும் அடையாளங்களை மேப்பில் கோடாகப் போட்டு, உன் புள்ளியோடு ஒத்துப்பார்.

கேள்வி: பழைய டோப்போ ஷீட்டில் (சர்வே துறை அச்சிட்ட நில வரைபடத் தாளில்) எங்கள் ஊர்க் கிணற்றின் எண்களைக் கவனமாகப் படித்து மேப்பில் போட்டேன். கிணறு தள்ளி விழுகிறது. யார் சொல்வது தப்பு?
— ஒரு விவசாயி, மணப்பாறை

பதில்: இரண்டும் சரி. அந்தத் தாள், பூமியின் வடிவத்துக்கு 1830-இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த அளவை அடிப்படையாகக் கொண்டது. போனும் இணைய வரைபடமும் செயற்கைக்கோள் காலத்து அளவைக் கொண்டவை. தொடங்குகிற இடமே வேறு என்பதால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். இலவச மென்பொருள்களிலேயே இதை மாற்றித் தரும் வசதி உண்டு. எல்லைத் தகராறுக்கு மட்டும் இரண்டையும் நம்பாதீர்கள், அதற்குப் புலப்படமும் சர்வே கல்லும்தான் பேசும்.

கேள்வி: மகள் டொரண்டோவில் இருக்கிறாள். மேப்பில் சென்னைக்கும் டொரண்டோவுக்கும் தூரம் பார்த்தால், கோடு நேராகப் போகாமல் வட துருவப் பக்கம் வளைந்து போகிறது. ஏன்? இந்தத் தூரத்தையும் நீங்கள் சொல்கிற கொசைன் கணக்கில் போடலாமா?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: அம்மா, அந்த வளைந்த கோடுதான் குறுக்கு வழி. தட்டையான படத்தில் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு, அதே திசையில் பிசகாமல் போனால் ஏறக்குறைய 15,700 கி.மீ. வளைந்து தெரிகிற வழியில் 13,400-க்குச் சற்றுக் குறைவு. வீட்டில் ஒரு உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் சென்னையிலிருந்து வடக்கு வடமேற்காகக் கிளம்பி, ரஷ்யாவைக் கடந்து, நார்வேயின் வட முனைக்கும் மேலே 73 டிகிரி வரை ஏறி, கிரீன்லாந்து வழியாக இறங்கும்.

கொசைனை மட்டும் பெருக்கிப் பிதாகரஸில் வைக்கிற கணக்கு இங்கே உதவாது. அது நிலம் தட்டை என்று எடுத்துக்கொள்கிறது. பத்து இருபது கி.மீ.க்கு அது போதும். தஞ்சைப் பெரிய கோயிலிலிருந்து ஸ்ரீரங்கம் கோயில் வரை போட்டாலும் 49 கி.மீ. என்று சரியாகவே வரும். ஆனால் சென்னையிலிருந்து கிளம்பும்போது இருக்கிற கொசைன் வேறு, வழியில் 73 டிகிரியில் இருக்கிற கொசைன் வேறு. எதை வைத்துப் பெருக்குவது?

அதற்குக் கப்பல்காரர்கள் பயன்படுத்திய ஹேவர்சைன் சூத்திரம் இருக்கிறது. இரண்டு ஊரின் அட்சரேகை வித்தியாசத்தைப் பாதியாக்கி, சைன் எடுத்து, வர்க்கப்படுத்துங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்துக்கும் அப்படியே செய்து, அதை இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். அது எந்தக் கோணத்தின் சைனோ அந்தக் கோணத்தை ரேடியனில் எடுத்து, இரண்டால் பெருக்கி, பூமியின் ஆரமான 6,371-ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும்.

சென்னைக்கு 13.08, 80.27 என்றும் டொரண்டோவுக்கு 43.65, மைனஸ் 79.38 என்றும் வையுங்கள். மேற்கே இருப்பதால் அந்த மைனஸை விட்டுவிடக் கூடாது. விட்டால் மகள் மத்திய ஆசியாவில் இருப்பதாகக் கணக்கு வரும். விடை 13,380-ஐ ஒட்டி வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். மேப் காட்டுவதற்கும் உங்கள் விடைக்கும் சில கி.மீ. வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். நாம் பூமியைச் சரியான உருண்டை என்று எடுத்துக்கொண்டோம், உண்மையில் அது துருவத்தில் கொஞ்சம் அமுங்கியது. அதனால் வரும் பிசகு நூற்றுக்கு அரைக்கு மேல் போகாது.